யாரும் நடக்காத வழி

முள்ளிப்பட்டு, ஆரணி
4.2.2024

தம்பி தருமனுக்கு,

அக்கா கண்ணகி எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் பிள்ளைகளும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு இருமல் நின்றதா? அமலாவும் தேவிப்ரியாவும் சுகம்தானே?

போனில் கூப்பிட்டால், "டூட்டில கீறேன்க்கா, அப்பறமா பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். ஒன்பது தடவை வைத்துவிட்டாய். அதனால்தான் பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டால்தான் தபால்காரர் கொடுப்பார். வாங்கிவிட்டால் படித்துத்தான் ஆகவேண்டும்.

சின்னம்மாள் சித்தியை அனுப்பி வைத்தீர்களே, அதைச் சாவு என்று சொல்வதா, குப்பை அள்ளுவது என்று சொல்வதா? சித்தப்பாவுக்குப் பக்கத்தில் புதைக்கச் சொல்லிச் சொல்லியே செத்தவள். அவளைக் கண்ணாடி வண்டியில் ஏற்றி, ஈ.சி.ஆர். ரோட்டில் பதினோரு கிலோமீட்டர் கொண்டுபோய், யாருடைய ஊரிலோ காஸ் அடுப்பில் வைத்து எரித்தீர்கள். நம் காலனியின் இடுகாடு வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரம். நடுவில் ஒரு மதில். அதற்கு அந்தப்பக்கம் 'அலைவாய் கார்டன்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு நூற்று இருபது வில்லா.

வழி எங்கேடா என்று கேட்டேன். நீ தரையைப் பார்த்தாய். அந்த வில்லாக்களின் கேட்டில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிற செக்யூரிட்டி சூப்பர்வைசர் நீ. உனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

நாளைக்கு அம்மாவுக்கு ஒன்று என்றால் அவளையும் வண்டியில்தான் ஏற்றுவாயா? அப்பா அந்தாண்டை கிடக்கிறார். பதில் எழுது.

கண்ணகி

*

நெல்லடிப்பாக்கம்
2.3.2024

அக்காவுக்கு,

தருமன் எழுதுவது. மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்புகளைச் சொல்லவும். அம்மாவுக்கு இருமல் பரவாயில்லை. வெந்நீர்தான் குடிக்கிறது.

போனில் பேசாததற்கு டூட்டி மட்டும் காரணம் இல்லை. இருப்பது ஒரே அறை. அம்மா காதும் அமலா காதும் அங்கேயேதான் இருக்கும். நீ கத்துவது வெளியே கேட்கிறது. எழுதுவதே மேல்.

அக்கா, நீ நினைத்துக்கொண்டிருக்கிற ஊர் இது இல்லை. சுப்பராயலு களத்து மேட்டில் இப்போது ஜிம் இருக்கிறது. ஏரிக் கால்வாய்மேல் சிலாப் போட்டு சைக்கிள் விடுகிறார்கள். வில்லா வாங்குகிறவர்களுக்குக் கொடுக்கிற புத்தகத்தில் நெல் வயல் படம் போட்டிருக்கிறது, அது எந்த ஊர் வயலோ. காலனியில் பாதிப் பேர் அவர்களிடம்தான் வேலை செய்கிறோம். அமலா மூன்று வீட்டில் சமைக்கிறாள்.

வழியைப் பற்றி அசோசியேஷன் செக்ரட்டரி ஹேமநாத் சாரிடம் கேட்டாகிவிட்டது. "ரெக்கார்ட்லயே அப்படி ஒரு வழி இல்ல தருமன்" என்கிறார். ரெக்கார்டில் இல்லாததற்கு நான் என்ன செய்வது? அம்மா நன்றாக இருக்கும்போது சாவு வழியைப் பற்றி எழுதாதே. படிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

உன் தம்பி
தருமன்

*

முள்ளிப்பட்டு
13.3.2024

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. எனக்கு மட்டும் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து தலை கொதிக்கிறது. உன் மாமா தறியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாமே, லெட்டர் எழுதறியா, சண்டை போட்டுகினு கீறியா?" என்கிறார்.

வயல் போனதற்காக நான் அழவில்லை. நம்முடையதாக ஒரு குழிகூட இருந்ததில்லை. அம்மா சுப்பராயலு வயலில் நாற்பது வருஷம் குனிந்து, காலில் சேற்றுப்புண்ணோடு நிமிர்ந்தாள். நெல் போய் ஜிம் வந்தால் எனக்கென்ன? அவர்கள் புல் வளர்க்கட்டும், அதற்கு லாரித் தண்ணீரும் ஊற்றட்டும்.

ஆனால் அந்த நிலத்தில் நமக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான். பாடை அகலத்துக்கு ஒரு கரம்பு. சுப்பராயலுவே அதில் ஏர் ஓட்டமாட்டார். பஞ்சத்திலும் ஓட்டவில்லை. நாம் யாரும் அதில் கால் வைக்கமாட்டோம். பிணத்தோடு போகும்போது மட்டும்தான் கால் படலாம். திரும்பும்போதுகூட, இப்போது மதிலுக்குள் போய்விட்ட ஏரிக்கரையைச் சுற்றித்தான் வருவோம். ஆறு வயதில் பட்டாம்பூச்சி பிடிக்க நீ அதில் ஓடி, அப்பாவிடம் முதுகு வீங்க வாங்கினாயே, அதற்குள் மறந்துபோச்சா? அப்பாவை 2016இல் அந்த வழியாகத்தானே தூக்கினோம்? அப்போது பிளாட் போட்டுக் கல் நட்டுவிட்டார்கள், ஆனாலும் ஒருவரும் தடுக்கவில்லை. போன ஆடியில் மதில் வந்ததும் ரெக்கார்டில் இல்லை என்றாகிவிட்டதா?

தாலுகா ஆபீஸ் எதிரே கோபிநாத் அண்ணன் கடையில் பதினெட்டு வருஷமாக ஊரார் மனுவை எல்லாம் டைப் அடிக்கிறேன். இன்றைக்கு என் மனுவை அடித்திருக்கிறேன். உங்கள் தாசில்தாருக்கு. முதல் கையெழுத்து உன்னுடையது, அதற்குக் கீழே காலனிக்காரர்கள். வாங்கி அனுப்பு. நில அளவைப் பதிவுகளின் நகல் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனியாக ஒரு விண்ணப்பமும் போடுகிறேன்.

அம்மாவுக்குக் காலையில் முட்டை கொடு.

கண்ணகி

*

நெல்லடிப்பாக்கம்
6.5.2024

அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். அம்மா குளிக்கப்போன இடத்தில் விழுந்துவிட்டது. இடது கை வரவில்லை. பேச்சு கொஞ்சம் குழறுகிறது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். அமலாதான் எல்லாம் பார்க்கிறாள். நீ பயந்து ஓடிவர வேண்டாம்.

மனுவில் முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். சைக்கிளில் கொண்டு வரும்போது மழையில் நனைந்து ஊறிப்போய்விட்டது. வேறு எடுக்கலாம், அவசரமில்லை.

தகவல் சட்டம் எல்லாம் வேண்டாம் அக்கா. பழசைக் கிளறினால் யாருக்கு லாபம்? ஊரிலேயே இல்லாத நீ எதற்கு இதில் தலையைக் கொடுக்கிறாய்?

தருமன்

*

முள்ளிப்பட்டு
9.5.2024

தருமா,

மழையா? சித்திரை மாதத்திலா? இங்கே பட்டு நூல் காய்ந்து அறுகிறது, ஈரத் துணி போர்த்தி நெய்துகொண்டிருக்கிறார் உன் மாமா. கடலுக்குப் பக்கத்தில் உனக்கு மட்டும் தனியாகப் பெய்ததோ?

அம்மா விழுந்து எத்தனை நாள் ஆயிற்று என்று ஏன் எழுதவில்லை? ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள், பெற்ற பெண்ணுக்கு ஒரு போன் இல்லை. எதை மறைக்க இதையும் சேர்த்து மறைக்கிறாய்?

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அமலாவிடம் மட்டும் சொல்.

கண்ணகி

*

நெல்லடிப்பாக்கம்
24.5.2024

அக்கா,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். நீ கொண்டுவந்த பழத்தை அம்மா தின்றது. நீ போனதிலிருந்து உன்னைக் கேட்டுகினே இருக்கிறது.

நீ செய்தது நியாயமா? அத்தனை பேர் பார்க்க நேராக கேட்டுக்கு வந்து உள்ளே விடு என்கிறாய். ரிஜிஸ்டரில் எழுதாமல் யாரையும் விடக்கூடாது என்றேன். எழுதினாய். பெயர் கண்ணகி. யாரைப் பார்க்க? 'எங்கப்பா பரசுராமனை.' இறந்து எட்டு வருஷமான மனுஷன் பெயரை! ஹேமநாத் சார் அதைப் படித்துவிட்டு என்னை ரூமுக்குக் கூப்பிட்டு, "உங்க சிஸ்டருக்கு ஏதாவது பிராப்ளமா?" என்று கேட்டார். என் கைக்குக் கீழே வேலை செய்கிற பையன்கள் சிரித்தார்கள்.

நீ கல்யாணம் பண்ணிக்கொண்டு போய் இருபத்தி ரெண்டு வருஷம் ஆகிறது. பட்டு நெய்கிற ஊரில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து மனு தட்டுகிறாய். இங்கே அம்மாவுக்கு மலம் அள்ளுவது நான். இந்தச் சட்டையை நான் கழற்றினால் அடுத்த மாதம் மருந்து எங்கிருந்து வரும்? கோபம் உனக்கு மட்டும் சொந்தமா? எனக்கும் இருக்கிறது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

இனிமேல் கேட்டுக்கு வராதே.

தருமன்

*

முள்ளிப்பட்டு
11.8.2024

தருமனுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. அம்மாவை மட்டும் கேட்டதாகச் சொல்.

விண்ணப்பத்துக்குப் பதில் தராமல் இழுத்தடித்தார்கள். மேல்முறையீடு போட்டேன். நேற்று வந்தது. நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், நீயே படி. 2011ஆம் வருஷம் தை மாதம், நிலம் அளந்த அன்று எழுதிய வாக்குமூலம். 'மேற்படி நிலத்தின் ஊடே காணப்படும் கரம்பில் பொதுமக்கள் எவரும் நடமாடுவதில்லை என உள்ளூர்வாசி தெரிவித்தார்.' கீழே கையெழுத்து, ப. தருமன். அப்பாவின் இனிஷியல். பள்ளிக்கூடத்தில் நான் சொல்லிக்கொடுத்த அதே வளைந்த 'த'.

கடையில் எல்லோர் முன்னாலும் படித்துவிட்டேன். கோபிநாத் அண்ணன், "யாரும்மா இந்தத் தருமன்?" என்று கேட்டார். யாரோ என்றேன்.

ஊரையே விற்றவர்கள்மேல்கூட எனக்கு இவ்வளவு வெறுப்பு வரவில்லை. அவர்கள் நிலத்தை அவர்கள் விற்றார்கள். நீ எதை விற்றாய்? என்ன கொடுத்தார்கள் உனக்கு? சித்தி பாடை வண்டியில் ஏறும்போது நீயும் ஒரு கை பிடித்தாயே, அந்தக் கை கூசவில்லையா?

அக்கா என்று இனி எழுதாதே.

கண்ணகி

*

நெல்லடிப்பாக்கம்
20.10.2024

அக்கா,

எழுதாதே என்றாய். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல்தான் இரண்டு மாதம் போய்விட்டது. அம்மா இருக்கிறது. எழுந்து உட்கார முடியவில்லை. மற்றவர்கள் சுகம்.

எனக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. என் பெண் தேவிப்ரியாமேல் சத்தியம். அன்றைக்கு நான் சர்வேயருக்குச் சங்கிலி பிடிக்கிற கூலி ஆள். அதே நாளில் பூமி பூஜை. ஐயர் மந்திரம் சொல்கிறார், தேங்காய் உடைக்கிறார்கள், பட்டுப்புடவை கட்டிய பெண்கள் எல்லாம் நிற்கிறார்கள். சர்வேயர் கரம்பைப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, ஆளுங்க நடக்கற வழியா?" என்றார். "இல்ல சார், யாரும் கால் வெக்க மாட்டாங்க" என்றேன். நிஜம்தானே அக்கா? நம்மில் யார் அதில் நடந்திருக்கிறோம்? எதற்கு வைக்கமாட்டார்கள் என்று அவர் கேட்கவில்லை. மங்கல காரியம் நடக்கிற இடத்தில் சாவு என்று வாயால் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. நம் வீட்டில் விளக்கு வைத்த பிறகு அந்த வார்த்தையைச் சொன்னால் அம்மா வாயிலேயே அடிக்கும். எழுதியதைப் படித்துக் காட்டினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. போட்டேன்.

போன வருஷம் ஆடியில் மதில் கட்டியபோது காலனி ஆம்பளைகளோடு நானும்தான் கடப்பாரை எடுத்துக்கொண்டு போனேன். ஹேமநாத் சார் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு இந்தத் தாளைக் காட்டினார். "இது உன் கையெழுத்துதானே? இத வெளிய சொன்னா உங்க ஆளுங்க உன்ன சும்மா விடுவாங்களா?" என்றார். அதே மூச்சில் சூப்பர்வைசர் வேலை இருக்கிறது என்றார். வெளியே வந்து கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டேன். அவ்வளவுதான். உன் மனுவையும் நான்தான் கிழித்துப் போட்டேன்.

அமலாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. உனக்கு மட்டும்தான் தெரியும்.

தருமன்

*

முள்ளிப்பட்டு
27.10.2024

தம்பிக்கு,

இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை உன் மாமாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

சர்வேயரிடம் நீ சொன்னது குற்றமில்லை. நான் அங்கே நின்றிருந்தாலும் அதையேதான் சொல்லித் தொலைத்திருப்பேன். கடப்பாரையைக் கீழே வைத்தாயே, அதுதான் குற்றம். அதற்கப்புறம் வாயைத் திறக்காமல் இருந்த ஒவ்வொரு நாளும் குற்றம். சித்தியை வண்டியில் ஏற்றியதும், மழை பெய்தது என்று எழுதியதும் அந்தக் கணக்கில்தான் வரும். என் கோபம் ஆறவில்லை, நீ அதை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

ஆனால் நீ விழுந்த இடத்திலிருந்து எழ முடியும். மனுவை நான் மறுபடி அனுப்பினேன், எல்லப்பன் பெரியப்பா வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். ஜனவரி எட்டாம் தேதி தாசில்தார் விசாரணை வைத்திருக்கிறார். நீ அன்றைக்கு என்ன சொன்னாய், எதைச் சொல்லாமல் விட்டாய் என்று புதிதாக வாக்குமூலம் டைப் அடித்து வைத்திருக்கிறேன். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். வேலை போகும். காலனியில் நாலு பேர் காறித் துப்புவார்கள். வா.

முதலில் அம்மாவிடம் சொல். அவளுக்குத் தெரியாமல் அவளுக்காக எதையும் செய்யாதே.

அக்கா
கண்ணகி

*

நெல்லடிப்பாக்கம்
22.11.2024

அக்காவுக்கு,

இங்கே மழை. நிஜமாகவே மழை. வீட்டில் முழங்கால் தண்ணீர் நின்று வடிந்தது. வில்லாவுக்காகக் கால்வாயை மூடியதால் தண்ணீர் முழுக்க நம் பக்கம்தான் வருகிறது. அம்மாவை மேசைமேல் படுக்க வைத்திருந்தோம்.

அப்போதுதான் சொன்னேன். அம்மா அழவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்று நாள் என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. நாலாம் நாள் குழறிக் குழறிச் சொன்னது: "என்ன வண்டில ஏத்துனியானா, உன் கைக் கொள்ளி எனக்கு வோணாம், உன் கை மண்ணும் வோணாம். அந்தக் கேட்டாண்ட எறக்கி வெய்யி. வழி வுட்ற வரிக்கும் அங்கியே கெடக்கறேன்."

அமலாவுக்கும் சொல்லிவிட்டேன். அவள் பேசுவதில்லை. எட்டாம் தேதி வருகிறேன்.

தருமன்

*

முள்ளிப்பட்டு
27.12.2024

தம்பி தருமனுக்கு,

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடித்து வந்ததிலிருந்து உனக்கு எழுத உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? போலீஸ்காரன் தள்ளியதில் கல் பட்ட தோள்பட்டைக்கு எண்ணெய் போடு. உன்னையும் அமலாவையும் ஒரே நாளில் வேலையை விட்டு நிறுத்தினார்களாமே, தேவிப்ரியா போனில் சொன்னாள். அமலா மறுபடி உன்னோடு பேசுகிறாள் என்றும் சொன்னாள்.

அன்றைக்கு நான் பஸ் மாறி மாறி வந்து சேரும்போது பதினொன்றரை. அம்மாவை அந்தக் கேட்டுக்கு முன்னால் இறக்கி வைத்திருந்தாய். நீலச் சட்டை இல்லாமல் வெறும் உடம்போடு நின்றுகொண்டு, காலனி முழுக்கக் கேட்கிற மாதிரி, "கையெழுத்து என்னுதுதான்! யாரும் நடக்கலன்னு சொன்னது நான்தான்! அது எங்க சாவு வழி!" என்று கத்திக்கொண்டிருந்தாய். எல்லப்பன் பெரியப்பா உன்னை அடித்ததை நான் பார்த்தேன். நீ தடுக்கவில்லை.

அப்புறம் நடந்ததைத்தான் எழுத வேண்டும். யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை, நீயும் பேசவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

ஒரு மணிக்கு ஹேமநாத் ஒரு தாளோடு வந்தார். உள்ளே கொண்டுபோகலாம், கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். நீ மாட்டேன் என்றாய். அவர் என்னிடம் வந்தார். நான் படித்தேன். 'மனிதாபிமான அடிப்படையில் இம்முறை மட்டும் அனுமதிக்கப்படுகிறது. இதனால் வழியுரிமை எதையும் இப்போதோ பிற்காலத்திலோ கோர மாட்டோம்.' இந்த மாதிரி வரி என்ன செய்யும் என்று இந்த ஆரணி தாலுகாவில் என்னைவிடத் தெரிந்தவர்கள் இல்லை. எத்தனை பேரிடம், "இந்த லைன் இருந்தா போடாதீங்க" என்று சொல்லியிருக்கிறேன்! ஆனால் அம்மாவின் வாயோரத்தில் ஈ மொய்த்தது. முகத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. முந்தானையால் எவ்வளவு ஓட்டியும் ஈ திரும்பத் திரும்ப அங்கேயே வந்து உட்கார்ந்தது. எப்படியாவது அவள் மண்ணுக்குள் போனால் போதும் என்று ஆகிவிட்டது எனக்கு. பேனாவை வாங்கினேன். 'க' எழுதிவிட்டேன்.

நீ வந்து பிடுங்கினாய். "இன்னாக்கா, நீயுமா?" என்றாய்.

பத்து மாதமாக உன்னை என்னென்ன எழுதினேன்! எழுதியவள் நான், பேனாவை வாங்கியவளும் நான். உன்னை மடக்க ஒரு வேலை தேவைப்பட்டது அவர்களுக்கு. என்னை மடக்க ஒரு ஈ போதுமாக இருந்தது. இதை நினைத்தால் அவர்கள்மேல் வருகிற ஆத்திரத்தைவிட என்மேல் அதிகம் வருகிறது.

நாலரைக்குத் தாசில்தார் ஜீப்பில் வந்து, உன் வாக்குமூலத்தை அங்கேயே நின்று வாங்கி, விசாரணை முடியும்வரை சவம் கொண்டுபோவதைத் தடுக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தாரே, அது நீ பிடித்த பிடிவாதம். நான் கையெழுத்தை முடித்திருந்தால் அந்த ஜீப் வழியிலேயே திரும்பியிருக்கும். பொழுது சாய்வதற்குள் மதிலில் பாடை அகலம் இடித்து, அப்பா பக்கத்தில் அம்மாவை வைத்தோம். அவளை வண்டியில் ஏற்றாத உன் கை மண்தான் முதலில் விழுந்தது.

எட்டாம் தேதி விசாரணைக்கு நானும் வருகிறேன். அந்தத் தாளை ஹேமநாத் மடித்துப் பையில் வைத்ததைப் பார்த்தேன். என் 'க' அதில் இருக்கிறது. உன் கையெழுத்தைக் காட்டி உன்னை ஒரு வருஷம் ஊமையாக்கினார்கள். என்னிடம் அது நடக்காது. என் பெயரில் தனியாக ஒரு வாக்குமூலம் அடித்து வைத்துவிட்டேன். பேனாவை வாங்கியதும் எழுதத் தொடங்கியதும் அதில் முதல் பாராவிலேயே இருக்கிறது. காலனிக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போது நானே எழுந்து நின்று படிக்கப்போகிறேன்.

எல்லப்பன் பெரியப்பா என்னையும் அடிப்பார். அடிக்கட்டும். நீ என் பக்கத்தில் வந்து நில்.

உன் அக்கா
கண்ணகி